அத்தியாயம் 5: கை வைக்கும் முன்

செயற்கைக்கோள் கட்டும் அறையில் நேரும் கேடுகளில் பெரும்பாலானவை நேரும்போது நமக்குத் தெரிவதில்லை. லென்ஸின் மேல் தூசு உட்காருவது கண்ணில் படாது. விரல்நுனியிலிருந்து சிப்புக்குள் மின்னேற்றம் பாய்ந்தால் உடம்பு உணராது. கையுறையில் ஒட்டியிருந்த எண்ணெய் வெப்பக் கட்டுப்பாட்டுப் பூச்சில் படிந்தாலும் அன்றைய சோதனையில் எல்லாம் சரியாகவே இருக்கும். குறை வெளிப்படும்போது செயற்கைக்கோள் பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே போய் ஒரு திருகைக்கூட இறுக்க முடியாது.

இந்த அத்தியாயத்தில் வரும் விதிகள் அனைத்தும் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை. நம் புலன்கள் எட்டாத இடத்தில் வேலை செய்கிறோம். அவற்றின் இடத்தில் பழக்கத்தையும் பதிவேட்டையும் வைக்கிறோம். விதியை மனப்பாடம் செய்தால் போதாது. அது எதைத் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான், விதிப்புத்தகத்தில் இல்லாத சூழ்நிலை வரும்போது சரியாக நடந்துகொள்ள முடியும்.

கல்லூரிச் செயற்கைக்கோள் குழுவில் சேர்ந்திருக்கும் மாணவர்களையும், இத்துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-லும், எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் எஸ்.ஆர்.எம்.சாட் 2011-லும், சத்யபாமாசாட் 2016-லும், குமாரகோவில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட் 2017-லும் பி.எஸ்.எல்.வி. மூலம் விண்ணுக்குச் சென்றன. 40 கிலோ எடையுள்ள அனுசாட்டுக்கும் ஒன்றரைக் கிலோ சத்யபாமாசாட்டுக்கும் கையாளும் ஒழுங்கில் வேறுபாடு கிடையாது. உருவம் சிறுத்தால் விதிகள் சிறுப்பதில்லை.

அறை எதைச் செய்யும், எதைச் செய்யாது

கிளீன்ரூமின் தரத்தைக் காற்றில் மிதக்கும் துகள்களின் எண்ணிக்கை கொண்டு வகுக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 14644-1 தரநிலையின்படி, 8-ஆம் வகுப்பு அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 35,20,000-ஐத் தாண்டக்கூடாது. 7-ஆம் வகுப்பில் அது 3,52,000; 5-ஆம் வகுப்பில் 3,520. மூத்த பொறியாளர்கள் இன்றும் 'ஒரு லட்சம் கிளாஸ்', 'பத்தாயிரம் கிளாஸ்' என்று சொல்வதைக் கேட்பீர்கள். அவை ஒரு கன அடிக்குக் கணக்கிட்ட பழைய அமெரிக்கத் தரநிலையின் பெயர்கள். அந்தத் தரநிலை 2001-இல் கைவிடப்பட்டது, பேச்சுவழக்கு மட்டும் நிலைத்துவிட்டது. செயற்கைக்கோள் ஒருங்கிணைப்பு பெரும்பாலும் 8-ஆம் வகுப்பு அறையில் நடக்கும். ஒளியியல் கருவிகளுக்கு அதைவிடத் தூய்மையான இடம் வேண்டும்.

காற்றைச் சுத்தப்படுத்துவது ஹெபா வடிகட்டி. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு நுண்ணியதை அது வடிக்கிறது என்பது விளங்கும்.

இங்கேதான் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். துகள் எண்ணும் கருவி நல்ல எண்ணைக் காட்டினால் செயற்கைக்கோளும் சுத்தமாக இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். அரை மைக்ரான் துகள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அதைக் கருவி எண்ணும், வடிகட்டி பிடிக்கும். 50 மைக்ரான் தோல் செதிலோ துணி இழையோ அப்படி மிதக்காது. விநாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நேரே கீழே இறங்கும். நீங்கள் ஒரு பலகையின் மேல் குனிந்து நின்றால், உங்கள் முகத்திலிருந்து உதிர்வது வடிகட்டியை எட்டுவதற்கு முன் அந்தப் பலகையை எட்டிவிடும். சுத்தமான அறையில் துகள்களின் முதன்மையான ஊற்று மனிதர்தான்.

ஆகவே திறந்த பாகத்தின் மேல் குனியாதீர்கள். பக்கவாட்டில் நின்று வேலை செய்யுங்கள். அதன் குறுக்கே கையை நீட்டி எதையும் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். வேலை நடக்காத பகுதியை எப்போதும் மூடி வையுங்கள்.

ஆதித்யா எல்-1 விண்கலத்தின் வி.இ.எல்.சி. கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்திய வானியற்பியல் நிறுவனம் அதை பெங்களூரு அருகே ஹொசகோட்டையில் உள்ள தன் வளாகத்தில் ஒருங்கிணைத்தது. சூரிய வட்டை மறைத்து, அதைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு மங்கலான கொரோனா என்ற வெளி அடுக்கைப் பார்க்கும் கருவி அது. முதன்மைக் கண்ணாடியில் தூசு படிந்தால் சூரிய ஒளி அதில் பட்டுச் சிதறும். பார்க்க வேண்டிய மங்கலான ஒளி அந்தச் சிதறலில் மூழ்கிவிடும். அந்தக் குழுவினர் வாசனைத் திரவியம் பூசிக்கொள்வதைக்கூடத் தவிர்த்தார்கள்.

உடுத்தும் ஒழுங்கு

தயாரிப்பு வீட்டிலேயே தொடங்குகிறது. கிளீன்ரூம் வேலை இருக்கும் நாளில் முகப்பவுடர், திருநீறு, சந்தனம், ஒப்பனை, சென்ட் எதுவும் வேண்டாம். தலையில் பூ வேண்டாம், மகரந்தமும் துகள்தான். சிலிக்கோன் கலந்த கைப்பூச்சு, தலைமுடிப் பூச்சு இரண்டும் ஆபத்தானவை. ஏனென்று பின்னால் சொல்கிறேன். மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். மணிக்கட்டில் கட்டிய கயிறு இழை உதிர்க்கும். நிலைமின் பட்டை தோலில் படிவதையும் தடுக்கும். தாலிக்கொடிபோல் கழற்ற விரும்பாதது இருந்தால், அதை மேலங்கிக்குள் முழுதாக அடக்கி, அறைப் பொறுப்பாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உடுத்துவது மேலிருந்து கீழாக நடக்கவேண்டும். தலையிலிருந்து உதிர்வது சுத்தமான மேலங்கியில் விழக்கூடாது என்பதே காரணம்.

1. ஒட்டுப் பாயில் இரு காலையும் அழுத்தி மிதித்து, காலணியின் அடித்தூசை விட்டுவிட்டு உடைமாற்றும் அறைக்குள் செல்லுங்கள்.
2. தலையுறை. ஒரு முடிகூட வெளியே தெரியக்கூடாது. அடுத்து முகக்கவசம், மூக்குக்கு மேல்.
3. மேலங்கி. அதன் கையோ காலோ தரையைத் தொடாதபடி சுருட்டிப் பிடித்து அணியுங்கள். தலையுறையின் கீழ்விளிம்பு மேலங்கிக்குள் போகவேண்டும்.
4. பாதவுறை. மேலங்கியின் கால்பகுதியை அது மூடவேண்டும்.
5. கையுறை கடைசியில். அதன் விளிம்பு சட்டைக்கையின் மேல் ஏறி நிற்கவேண்டும்.
6. கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள், உடன் வருபவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உள்ளே வேகமாக நடக்காதீர்கள். ஓடினாலும் கையை வீசினாலும் உடையின் இடுக்குகளிலிருந்து காற்று துகளோடு வெளியே தள்ளப்படும்.

கையுறை யாரைக் காப்பாற்றுகிறது

சமையலறையிலும் ஆய்வுக்கூடத்திலும் கையுறை நம் கையைக் காப்பாற்றுகிறது. இங்கே அது நம் கையிலிருந்து செயற்கைக்கோளைக் காப்பாற்றுகிறது. வியர்வையில் உப்பு உண்டு, தோலில் எண்ணெய் உண்டு. உப்பு உலோகத்தை அரிக்கும். எண்ணெய் விண்வெளியின் புறஊதா ஒளியில் கறுத்து, பூச்சின் வெப்பக் குணத்தையே மாற்றும்.

பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறையையே அணியுங்கள். வினைல் கையுறையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பட்டால், அதிலுள்ள நெகிழ்வுப் பொருள் கரைந்து நீங்கள் துடைக்கும் பரப்பிலேயே படியும். இரண்டு ஜோடி அணிந்தால், மேலுறை அழுக்கானதும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். முகக்கவசத்தைச் சரிசெய்தீர்கள், நாற்காலியை இழுத்தீர்கள், கணினி விசைப்பலகையைத் தொட்டீர்கள் என்றால், பாகத்தைத் தொடும் முன் கையுறையை மாற்றுங்கள். சந்தேகம் வந்தாலே மாற்றிவிடலாம், கையுறை மலிவு.

நிலைமின்சாரம்: உணராத அடி

கதவுப்பிடியைத் தொடும்போது 'சுரீர்' என்று அடிக்கிறதே, அதை நாம் உணர்வதற்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். பல சிப்புகள் 100 வோல்ட்டிலேயே கெடும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் நடப்பது எதுவும் நமக்குத் தெரியாது. உடனே செத்துப்போகும் சிப்பு பரவாயில்லை, சோதனையில் சிக்கிவிடும். பாதி காயம்பட்ட சிப்பு எல்லாச் சோதனைகளிலும் தேறி, விண்ணுக்குப் போய், சில மாதங்களில் சாகும். அதுதான் பெரிய இழப்பு.

மணிக்கட்டு நிலைமின் பட்டையை வெறும் தோலில், இறுக்கமாக அணியுங்கள். சட்டைக்கை மேல் அணிந்தால் பயனில்லை. ஒவ்வொரு முறை நுழையும்போதும் சோதனைப் பெட்டியில் செருகிப் பார்த்து, முடிவைப் பதிவேட்டில் எழுதுங்கள். பட்டையின் கம்பியில் 1 மெகா ஓம் மின்தடை இருக்கும். அது உங்களுக்கான பாதுகாப்பு: தவறி 230 வோல்ட் மின்சாரத்தைத் தொட்டாலும், பட்டை வழியே ஓடுவது 0.23 மில்லி ஆம்பியர்தான். பட்டைக்குப் பதிலாக வெறும் கம்பியைக் கட்டிக்கொள்ளும் குறுக்குவழி உயிருக்கே ஆபத்து.

பட்டை நம் உடம்புக்குத் தருவதுபோன்ற புவியிணைப்பு, கடத்திகளில் உள்ள மின்னேற்றத்தை மட்டுமே இறக்கும். பிளாஸ்டிக், கேப்டான் போன்ற கடத்தாப் பொருள்களில் ஏறியதை இறக்காது. அதற்கு அயனியாக்கி விசிறி வேண்டும். கேப்டான் நாடாவைச் சுருளிலிருந்து வெடுக்கென்று இழுத்தால் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறலாம். சுருளைப் பலகையிலிருந்து தள்ளிப் பிடித்து, அயனியாக்கியின் காற்றில் காட்டி, மெதுவாக உரியுங்கள். தேவையான நீளத்தை வெட்டியபின், ஒரு முனையை முதலில் பதித்து, மீதியை விரலால் நீவிக்கொண்டே ஒட்டுங்கள். அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். வறண்ட காற்றில் மின்னேற்றம் எளிதில் சேரும்.

உள்ளே வரக்கூடாத பொருள்கள்

வெற்றிடத்தில் பல பொருள்கள் ஆவியை உமிழும். அந்த ஆவி போய்ப் படிவது குளிர்ந்த பரப்பில். அது பெரும்பாலும் லென்ஸாகவோ உணரியாகவோ இருக்கும். எந்தப் பொருளை அனுமதிக்கலாம் என்பதற்கு ஏ.எஸ்.டி.எம். இ-595 என்ற சோதனை உண்டு. பொருளை வெற்றிடத்தில் 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைப்பார்கள். அதன் எடையிழப்பு 1 சதவீதத்தையும், குளிர்ந்த தட்டில் படிவது 0.1 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. கியூப்சாட் எனும் சிறு கனசதுரச் செயற்கைக்கோள்களின் வடிவமைப்பு விதிகளும் இதே எல்லையைத்தான் கேட்கின்றன.

எனவே கடையில் வாங்கிய செலோடேப், சாதாரண மார்க்கர், ரப்பர் பேண்ட், பெயர் தெரியாத பசை எதுவும் உள்ளே வரக்கூடாது. சிலிக்கோன் கையிலிருந்து கருவிக்கும், கருவியிலிருந்து கண்ணாடிக்கும் பரவும். துடைத்தால் எளிதில் போகாது, புறஊதாவில் கறுக்கும். பென்சில் தூள் மின்சாரம் கடத்தும், ஆகவே அதுவும் கூடாது. சாதாரணத் தாள் இழை உதிர்க்கும். கிளீன்ரூம் தாளில், பேனாவால் எழுதுங்கள்.

கரைப்பானிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் உந்து அமைப்பு வால்வுகளைத் தவறான கரைப்பானால் கழுவியதால் அவை பழுதடைந்தன. எந்தப் பரப்புக்கு எந்தக் கரைப்பான் என்று செயல்முறைத் தாளில் எழுதியிருந்தால் மட்டும் துடையுங்கள். கரைப்பானைத் துணியில் ஈரமாக்கிக்கொள்ளுங்கள். பாகத்தின் மேல் ஊற்றாதீர்கள். ஒரே திசையில் ஒரே இழுப்பு, பிறகு துணியை மடித்துப் புதிய பக்கம். லென்ஸ், கண்ணாடி, சூரிய மின்கலம் ஆகியவற்றைத் தனி அனுமதி இல்லாமல் துடைக்கவே கூடாது.

கனெக்டர், திருகு, தகடு

கனெக்டரை இணைக்கும் முன் மின்சாரம் அணைந்திருப்பதை மீட்டர் வைத்துப் பாருங்கள். பிறகு உருப்பெருக்கியால் ஊசிகளைப் பாருங்கள்: எல்லாம் ஒரே உயரத்தில், நேர்வரிசையில் நிற்கவேண்டும். ஒன்று சாய்ந்திருந்தாலும் செருகாதீர்கள். நேராகத் தள்ளி, இரு பக்கத் திருகுகளையும் மாறிமாறி அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கினால் மறுபக்க ஊசிகள் வளையும். கழற்றும்போது கூட்டைப் பிடியுங்கள், கம்பியை இழுக்காதீர்கள். ஒவ்வொரு இணைப்பும் கழற்றலும் ஊசியைத் தேய்க்கிறது. அதனால் எண்ணிக்கையைப் பதிவேட்டில் குறிக்கிறோம். சோதனைக் காலம் முழுக்க கனெக்டர் சேவர் என்ற இடைத்துண்டை மாட்டிவைத்து அந்தத் தேய்மானத்தை அதன் தலையில் போடுகிறோம்.

திருகை முதலில் கையால் முடுக்கி, எதிரெதிர் வரிசையில் பாதி முறுக்குவிசை, பிறகு முழு விசை. டார்க் ரெஞ்ச்சின் அளவுத்திருத்தத் தேதி கடந்திருந்தால் அது உங்களுக்குக் கருவியே இல்லை. ஒருவர் இறுக்க, மற்றவர் தாளைப் படித்து எண்ணைப் பதிவுசெய்யவேண்டும். 2018-இல் வெப் விண்கலப் பகுதியின் ஒலியதிர்வுச் சோதனைக்குப் பிறகு, சூரியக்கவச உறையிலிருந்து கழன்ற திருகுகளும் வாஷர்களும் கிடைத்தன. அந்த உறையின் திருகுகளைத் திரும்பச் சரிசெய்யவேண்டியதாயிற்று.

தேன்கூட்டு அலுமினியத் தகட்டின் மேல் ஸ்பானரை வைக்காதீர்கள். அதன் மேல்தோல் மிக மெல்லியது. சூரிய மின்கலத்தின் மேலுள்ள கண்ணாடி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே பருமன் கொண்டது, மூடிபோட்டே வையுங்கள். கியூப்சாட்டை அதன் தண்டவாள விளிம்புகளில் ஆக்சைடு பூச்சு கீறாதபடி பிடியுங்கள். அந்தப் பூச்சு போனால் வெற்றிடத்தில் உலோகம் ஏவுபெட்டியோடு ஒட்டிக்கொள்ளக்கூடும்.

தூக்கும்போதும் சாய்க்கும்போதும்

2003 செப்டம்பர் 6. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சன்னிவேல் நகரில் உள்ள லாக்ஹீட் மார்ட்டின் ஆலை. என்.ஓ.ஏ.ஏ.-என் பிரைம் என்ற வானிலைச் செயற்கைக்கோளைத் திருப்பு வண்டியில் நிறுத்தி, நிமிர்ந்த நிலையிலிருந்து படுக்கை நிலைக்குச் சாய்த்தார்கள். கொஞ்சம் சாய்ந்ததுமே அது வண்டியைவிட்டு நழுவி, சுமார் 3 அடி உயரத்திலிருந்து காங்கிரீட் தரையில் விழுந்தது.

செயற்கைக்கோளைத் தாங்கிய தகட்டை வண்டியோடு பிணைக்கவேண்டிய 24 போல்ட்கள் அங்கே இல்லை. வேறொரு வேலைக்காக இன்னொரு குழு அவற்றைக் கழற்றியிருந்தது. கழற்றியதை எழுதி வைக்கவில்லை. அன்று வேலை செய்த குழு, செயல்முறைத் தாள் கேட்டபடி போல்ட்களைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யவில்லை. பழுதுபார்க்க 13.5 கோடி டாலர் செலவானது. அது 2009 பிப்ரவரியில்தான் என்.ஓ.ஏ.ஏ.-19 என்ற பெயரில் ஏவப்பட்டது.

இதில் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சந்தித்தன. கழற்றியவர் எழுதியிருந்தால் அடுத்தவர் தப்பியிருப்பார். அடுத்தவர் குனிந்து பார்த்திருந்தால் முதலாமவரின் தவறு அங்கேயே நின்றிருக்கும். காலியான 24 துளைகளைக் காண நுண்ணோக்கி தேவையில்லை. மற்றக் கேடுகள் கண்ணுக்குத் தெரியாதவை. இது தெரியக்கூடியது, யாரும் பார்க்கவில்லை. நேற்று இருந்த நிலை இன்றும் இருக்கும் என்ற நம்பிக்கையே இந்த அறையின் மிகப் பெரிய ஆபத்து.

ஆகவே தூக்கும் முன்:

- கிரேன், கயிறு, கொக்கி ஆகியவற்றின் சுமைச் சோதனைத் தேதியைப் பாருங்கள்.
- ஒவ்வொரு பிணைப்பையும் விரலால் தொட்டு எண்ணுங்கள். எண்ணியவரே கையொப்பமிடவேண்டும், பிறர் எண்ணியதற்கு நீங்கள் கையொப்பமிடாதீர்கள்.
- ஒரே ஒருவர் ஆணையிடவேண்டும். தேரோட்டத்தில் எத்தனை பேர் வடம்பிடித்தாலும் முட்டுக்கட்டை போடுபவரைப் பார்த்தே தேர் நகர்வதுபோல், மற்றவர்கள் அவர் குரலுக்கே அசையவேண்டும்.
- 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை மட்டும் எல்லோருக்கும் உண்டு, நேற்றுச் சேர்ந்த மாணவருக்கும். சொன்னால் வேலை நிற்கவேண்டும். காரணத்தைப் பிறகு கேட்கலாம்.
- முதலில் சில சென்டிமீட்டர் மட்டும் தூக்கி நிறுத்திப் பாருங்கள்.

ஏதாவது நேர்ந்துவிட்டால்

ஸ்பானர் கைநழுவி விழுந்தது. கையுறை கிழிந்த விரல் கண்ணாடியில் பட்டது. ஒரு வாஷர் உள்ளே போய்விட்டது. இப்படி எது நடந்தாலும் கையை எடுங்கள், அசையாமல் நில்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள். நீங்களாக எடுக்கவோ துடைக்கவோ முயலாதீர்கள். இருந்தபடியே படம் எடுத்து, நேரத்தையும் இடத்தையும் எழுதிய பிறகே அடுத்த வேலை.

2021 நவம்பரில், பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்தில் வெப் தொலைநோக்கியை ராக்கெட் இணைப்பு வளையத்தில் பொருத்தும்போது, பிணைப்புப் பட்டை ஒன்று திடீரென விடுபட்டுத் தொலைநோக்கி முழுவதும் அதிர்ந்தது. நாசா அதை வெளிப்படையாக அறிவித்தது. ஏவும் தேதியைத் தள்ளிவைத்து, பாகங்கள் பழுதாகவில்லை என்று சோதித்துப் பார்த்தது. டிசம்பர் 25 அன்று தொலைநோக்கி புறப்பட்டது. சொன்னதால் இழந்தது சில நாட்கள். மறைத்திருந்தால், அந்த அதிர்வு என்ன செய்தது என்று தெரியாமலே ஏவியிருப்பார்கள்.

குழுத் தலைவர்களுக்கு ஒரு சொல்: தவறைச் சொன்னவரை அந்த இடத்தில் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தவறு உங்கள் காதுக்கு வராது. அது செயற்கைக்கோளோடு மேலே போகும்.

வெளியேறும் முன்

- கருவிகளை எண்ணுங்கள். உள்ளே வந்த எண்ணிக்கையே வெளியே போகவேண்டும். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும்வரை செயற்கைக்கோளை மூடாதீர்கள்.
- வெட்டிய கம்பித் துண்டு, நாடாத் துண்டு ஆகியவற்றையும் எண்ணிச் சேகரியுங்கள்.
- திறந்த கனெக்டர்களுக்கு மூடி, லென்ஸுக்கு மூடி, முழு உடலுக்கும் நிலைமின் காப்புறை.
- 'பறக்கும் முன் அகற்றுக' என்ற சிவப்புப் பட்டை கட்டிய பொருள்களை எண்ணிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.
- நீங்கள் கழற்றியது, தளர்த்தியது, தற்காலிகமாக மாட்டியது என அனைத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். நாளை காலை உங்களைத் தெரியாத ஒருவர் அதைப் படித்து வேலை தொடங்கப்போகிறார் என்று நினைத்து எழுதுங்கள். பிறகு கையொப்பமிட்டு, நேரம் குறியுங்கள்.